நிமோனியாக் கிருமி இதய வால்வை அரிக்குமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 58. சர்க்கரை நோயும் நெடுநாள் குடிப்பழக்கமும் உண்டு. நிமோனியாவுக்கு ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை. இப்போது மூச்சுத்திணறலால் மல்லாந்து படுக்கவே முடியவில்லை. எக்கோ எடுத்துப் பார்த்த மருத்துவர், கிருமி இதய வால்வை அரித்துவிட்டதால் உடனே அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார். சளிக் கிருமி இதயத்துக்குப் போகுமா? கிருமி முழுவதும் அடங்கிய பிறகு அறுவை செய்துகொள்ளக் கூடாதா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: போகும். நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால், இதய வால்விலோ, இதயத்தைச் சூழ்ந்த உறையிலோ, மிக அரிதாக, இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெருந்தமனியின் சுவரிலோ தங்கிப் பெருகக்கூடும். பெனிசிலின் புழக்கத்துக்கு வருமுன் வால்வுத் தொற்றுகளில் பத்தில் ஒரு பங்குக்கு இக்கிருமியே காரணமாக இருந்தது. இன்று அது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. அரிதாகிப்போனதாலேயே, காய்ச்சல் விடாதபோது இதயத்தைச் சந்தேகிக்கத் தாமதமாகிறது.

இக்கிருமி பெரும்பாலும் பெருந்தமனி வால்வைத் தாக்குகிறது. அதுவரை எந்தப் பழுதும் இல்லாத வால்வையும் சில நாட்களில் கிழித்துவிடும். அப்போது வெளியே போன ரத்தம் இடது கீழறைக்கே திரும்புகிறது. ஆண்டுக்கணக்கில் மெல்லப் பழுதாகும் வால்வென்றால் இதயம் விரிந்து கொடுத்து ஈடுகட்டும். இங்கே அதற்கு அவகாசமே இல்லாததால், அழுத்தம் பின்னோக்கி ஏறி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. உங்கள் தந்தையால் படுக்க முடியாததற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். இத்தகைய நிலையில் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் இரைச்சல்கூட மெலிதாகவே இருக்கும் என்பதால், எக்கோ எடுத்தது மிகச் சரியான முடிவு.

மருந்து கிருமியைக் கொல்லும். கிழிந்த வால்வைத் தைக்காது. இதயம் தளரத் தொடங்கிய பிறகு கிருமி அடங்கட்டும் என்று காத்திருப்பதே, பெரும்பாலும் அறுவையைவிட ஆபத்தானது. அறுவைக்குப் பிறகும் சில வாரங்களுக்கு ஊசி மருந்து தொடரும்.

தலைவலி, கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு ஏதேனும் இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நிமோனியா, மூளைக்காய்ச்சல், வால்வுத் தொற்று ஆகிய மூன்றும் ஒருவருக்கே சேர்ந்து வருவதை 1957-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஆஸ்திரியன் விவரித்தார். நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

முதல் ஊசிக்கு முன்பே பிளட் கல்ச்சருக்கு (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) ரத்தம் எடுத்தார்களா என்றும் கேளுங்கள். நம் ஊர்களில் ஊசியை முதலில் போட்டுவிட்டுப் பரிசோதனையைப் பிறகு யோசிப்பது வழக்கமாகிவிட்டது; அதனால் கிருமி சிக்காமலேயே போய்விடுகிறது. தந்தை தேறிய பின், நிமோகாக்கஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கும் முதியோருக்கும் அது பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் நூறு வகைகளுக்கு மேல் உள்ள இக்கிருமியின் எல்லா வகைகளையும் அது தடுத்துவிடாது.