விடியற்காலையில் விரலை மடக்கிப் பார்ப்பவருக்கு

அன்புள்ள அக்கா,

எனக்கு 44 வயது. ஒன்பது ஆண்டுகளாக முடக்குவாதம். மருத்துவர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிறார்கள். போன மாதம் மருத்துவர் என் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, "ரெமிஷனுக்கு வந்துவிட்டீர்கள்" என்றார். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மாமியார் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். எனக்கு மட்டும் எதுவும் தோன்றவில்லை. கண் விழித்ததும் படுக்கையிலேயே விரல்களை மடக்கிப் பார்க்கிறேன். வலி இல்லாவிட்டால், நாளை வந்துவிடுமோ என்று பயம். வீட்டு வேலை முழுவதும் மறுபடி என்னிடம் வந்துவிட்டது. "அதுதான் சரியாகிவிட்டதே" என்கிறார்கள். நான் நன்றி கெட்டவளா?

ஒரு வாசகி,
கும்பகோணம்

அன்புள்ள தங்கைக்கு,

இல்லை. இதே நோயோடு பதினாறு ஆண்டுகளாக வாழ்கிறேன். கடைசி நான்கு ஆண்டுகளாக எனக்கும் அது அடங்கியிருக்கிறது. நானும் விரலை மடக்கிப் பார்த்தவள்தான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். நாம் ஒவ்வொரு நாளும் அந்த அடுப்பிலேயே அல்லவா கண் விழிக்க வேண்டியிருக்கிறது?

மருத்துவர் சொன்ன ரெமிஷனுக்கு, நோய் "அடங்கியிருக்கிறது" என்றுதான் பொருள். உங்கள் வீட்டார் காதில் "குணமாகிவிட்டது" என்று விழுந்திருக்கிறது. நோயை அடக்கிவைக்க வாரம் ஒரு நாள் விழுங்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, கூடவே ஃபோலிக் அமிலம், அவ்வப்போது கல்லீரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் பரிசோதனை: பெரும்பாலும் எல்லாம் தொடரத்தான் செய்யும். அந்த மாத்திரை டப்பாவைச் சாப்பாட்டு மேசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். மாவு கிரைண்டரைத் தூக்குவதும் போர்வை பிழிவதும் இத்தனை நாள் யார் கையில் இருந்தனவோ அவர்கள் கையிலேயே இருக்கட்டும். வீக்கம் வடிந்த பிறகும் களைப்பு மட்டும் தங்கிவிடுவது இந்த நோயில் சாதாரணம். அதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல விடாதீர்கள், நீங்களும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ரெமிஷன் என்று சொல்வதற்கு 2011-ல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டு நோய் மருத்துவர்கள் சேர்ந்து ஒரு வரையறை வகுத்தார்கள். வலிக்கும் மூட்டு, வீங்கிய மூட்டு, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு, இவற்றோடு நான்காவதாக ஒன்று உண்டு: பத்துக்கு எத்தனை என்று நோயாளி தன் நிலைக்குத் தானே இடும் மதிப்பெண். அதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நம் சொல்லும் கணக்கில் சேர்கிறது! ஆகவே அடுத்த முறை "நன்றாக இருக்கிறேன்" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். இன்னொன்று: மருத்துவர் வழக்கமாக எண்ணிப் பார்க்கும் 28 மூட்டுகளில் கணுக்காலும் பாதமும் இல்லை. அங்கே வலித்தால், அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

என்னைப் பயத்தைவிட அதிகமாக வாட்டியது துக்கம். நோய் வந்தபோது என் மகளுக்கு ஆறு வயது. காலையில் இரண்டு மணி நேரம் விரல்கள் மரக்கட்டையாக இருக்கும். பள்ளிக்கூட வேன் காத்திருக்காது. பக்கத்து வீட்டு அக்காதான் அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு அனுப்புவார். என் விரல்கள் மடங்கத் தொடங்கியபோது அவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டிருந்தாள். ஒரு மதியம் அவளுடைய பழைய சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதேன். வலித்த காலத்தில் அழுவதற்கு எங்கே நேரம் இருந்தது? உங்களுக்கும் அப்படி ஒரு மதியம் வரலாம். வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அழுங்கள். அது மாதக்கணக்கில் நீண்டு, தூக்கத்தையும் பசியையும் கெடுத்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூட்டு வலியைச் சொல்வது போலவே சொல்லலாம்.

விரலை மடக்கிப் பார்ப்பதை நிறுத்த வேண்டும் என்று உங்களோடு நீங்களே சண்டை போட வேண்டாம். எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு நாள் பால் காய்ச்சி, டபராவில் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தபோதுதான் அன்று விரலை மடக்கிப் பார்க்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மறுநாள் மறுபடி மடக்கிப் பார்த்தேன்.

அன்புடன்,
அக்கா