ரூ.500-க்குள் பொங்கல் அலங்காரம்

சகோதரி, காரைக்குடியில் வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது, கையில் ரூ.500தான், ஆனாலும் பொங்கலுக்கு வீடு களையாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பிளாஸ்டிக் தோரணம் வாங்காதீர்கள். அந்தப் பணம் பூவுக்கும் கரும்புக்கும் ஆகட்டும்.

நம் செட்டிநாட்டில், வீட்டுக்குள் அரிசி மாவில் போடும் நடுவீட்டுக் கோலத்தை மிஞ்சிய அலங்காரம் உண்டா? ஒரு கைப்பிடி பச்சரிசியை ஊறவைத்து, மையாக அரைத்து, பால் பதத்துக்குக் கரையுங்கள். சின்னத் துணியை முக்கி உள்ளங்கையில் பிடித்து லேசாகப் பிழிந்தால், மோதிர விரல் வழியே மாவு இழையாக இறங்கும். போடும்போது மங்கலாகத்தான் தெரியும். காயக் காயப் பளிச்சென்று வெளுக்கும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்! தரை ஆத்தங்குடிக் கல் (டைல்ஸ்) என்றால் கோலத்துக்குக் காவி மட்டும் பூச வேண்டாம். சிமெண்டில் செய்த கல், கறை பிடித்துவிடும்.

வாசலுக்கு மாவிலை, கூரைப்பூ (சிறுபீளை), ஆவாரம்பூ போதும். நூலில் கோத்து, அந்த நூலைக் கதவுக் கீலில் கட்டிவிடலாம். பழைய கண்டாங்கிச் சேலை இருந்தால் ஜன்னலுக்குத் திரையாக விடுங்கள், அந்தக் கட்டத்துக்கு ஈடே கிடையாது.

மகளுக்கு ஏழு வயது என்றீர்களே, ஓலைக் கொட்டானில் (பனையோலையில் முடைந்த சின்னக் கூடை) பூ வைக்கும் வேலையை அவளிடம் கொடுங்கள். பொங்கல் முடிந்தாலும் வெள்ளிக்கிழமைதோறும் அவளே வைக்கட்டும்.