மண்ணில் ஓடிப் பழகிய குதிரையைச் செயற்கை டிராக்குக்கு அனுப்பலாமா?

கேள்வி: சின்சினாட்டியில் வசிக்கிறேன். நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு பந்தயக் குதிரையில் பங்கு வாங்கியிருக்கிறோம். மூன்று வயதுப் பெண்குதிரை. இதுவரை நான்கு ஓட்டம், நான்கும் மண் டிராக்கில், ஒரே ஒரு முறை மூன்றாம் இடம். குளிர்காலத்தில் கென்டக்கி டர்ஃப்வே பார்க்கின் செயற்கை டிராக்கில் ஓடவிடலாம் என்கிறார் டிரெயினர். அதுதான் பாதுகாப்பு என்று சிலர் சொல்கிறார்கள், பின்னங்காலைக் கெடுத்துவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அனுப்புங்கள். ஆனால் அங்கே ஆபத்தே இல்லை என்று நம்பி அனுப்பாதீர்கள். அந்த நம்பிக்கை வந்துவிட்டால் டிரெயினரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவோம்.

அமெரிக்க மண் டிராக்கில் அடியில் இறுகிய தளம் இருக்கும், அதன்மேல் மணலும் வண்டலும் களிமண்ணும் கலந்த தளர்வான மண் மூன்று நான்கு அங்குலத்துக்கு இருக்கும். மழை வருகிறது என்றால் மேல்மண்ணை அழுத்தி இறுக்கி, தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும்படி செய்துவிடுவார்கள். அன்றைக்கு அது வேறு டிராக், குதிரையின் காலுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். டர்ஃப்வேயில் 2020 முதல் இருப்பது டபீட்டா என்ற செயற்கைத் தளம். மணல், நார், மெழுகு கலந்தது. மெழுகு பூசிய மணலில் தண்ணீர் தேங்காமல் அடியிலுள்ள வடிகாலுக்குப் போய்விடுவதால், மழைக்கு முன்னும் பின்னும் டிராக் பெரிதாக மாறாது. இதை உருவாக்கிய மைக்கேல் டிக்கின்சன் ஒரு டிரெயினர். 1983-ல் இங்கிலாந்தின் பெரிய தடைதாண்டும் பந்தயமான செல்டென்ஹாம் கோல்டு கப்பில் முதல் ஐந்து இடங்களையும் பிடித்தவை அவர் பழக்கிய குதிரைகள். குதிரையின் காலைத் தடவிப் பார்த்தே வாழ்ந்த மனிதர் செய்த டிராக் இது, எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு.

எண்களைப் பார்ப்போம். அமெரிக்க ஜாக்கி கிளப் 2009 முதல் பந்தயத்தில் இறக்கும் குதிரைகளைக் கணக்கெடுக்கிறது. 2022-ல் ஆயிரம் ஓட்டத்துக்கு மண்ணில் 1.44, செயற்கை டிராக்கில் 0.41. அடுத்த ஆண்டு மண்ணில் 1.43, செயற்கையில் 0.97. ஒரே வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டதே என்று பதற வேண்டாம். செயற்கை டிராக்கில் நடக்கும் ஓட்டங்கள் குறைவு, அதனால் சில குதிரைகள் கூடுதலாக இறந்தாலே விகிதம் எகிறிவிடும். இரண்டு ஆண்டுமே செயற்கைதான் கீழே இருக்கிறது, அதுதான் நமக்கு முக்கியம்.

ஆனால் இந்தக் கணக்கு எடுத்துக்கொள்வது பந்தயத்தில் அடிபட்டு 72 மணி நேரத்துக்குள் போகும் உயிர்களை மட்டும்தான். தசை இழுத்துக்கொண்டு மூன்று மாதம் லாயத்தில் நிற்கும் குதிரை இதில் வராது. உங்களைப் பயமுறுத்துகிறவர்கள் பேசுவது அந்தக் குதிரையைப் பற்றி. மண்ணில் குளம்பு ஊன்றும்போது கொஞ்சம் முன்னே வழுக்கி நிற்கும், செயற்கையில் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அந்த இழுப்பை வேறு தசைகள் தாங்க வேண்டும், பின்னங்காலில் பிடிப்பு வருகிறது என்று பல டிரெயினர்கள் சொல்வதை நான் ஒதுக்க மாட்டேன். ஆக இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கு ஒரு காயத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அவ்வளவு நல்லதென்றால் கலிஃபோர்னியாவில் ஏன் தோண்டி எடுத்தார்கள் என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரிய டிராக்குகள் 2007 முடிவதற்குள் செயற்கைக்கு மாற வேண்டும் என்று அந்த மாநிலக் குதிரைப் பந்தய வாரியம் 2006-ல் உத்தரவு போட்டது. அங்கே சான்டா அனீட்டா டிராக்கில் போட்ட குஷன் டிராக் என்ற வேறொரு செயற்கைத் தளத்தில் தண்ணீர் வடியாமல் 2008 ஜனவரியில் பந்தய நாட்களையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. பிறகு புரோ-ரைட் என்ற இன்னொரு செயற்கைத் தளம் போட்டார்கள், 2010 டிசம்பரில் அதையும் எடுத்துவிட்டு மண்ணுக்கே திரும்பினார்கள். வெயில் ஏறினால் மெழுகு இளகும், காலையில் பயிற்சி செய்த டிராக் மதியம் வேறு மாதிரி இருக்கும். அப்புறம் பணம். அங்கே பொலிகுதிரைகளின் விலை பெரும்பாலும் மண்ணில் ஜெயித்த பேரை வைத்துத்தான், 2008-ல் சான்டா அனீட்டாவில் நடந்த பிரீடர்ஸ் கப் கிளாசிக் என்ற பெரிய பந்தயத்தில் கர்லின் மாதிரியான மண் சாம்பியன் புரோ-ரைடில் நான்காவதாக வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? கென்டக்கியின் கீன்லாந்து டிராக் 2014-லும் கலிஃபோர்னியாவின் டெல் மார் டிராக் 2015-லும் மண்ணுக்குத் திரும்பின.

2018 டிசம்பரில் தொடங்கிய பருவத்தில் அதே சான்டா அனீட்டாவில், கனமழைக்கு நடுவே, 30 குதிரைகள் இறந்தன. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. பழியை மண்மேல் மட்டும் போட முடியாது, ஆய்வு செய்தபோது பெரும்பாலானவற்றில் எலும்பிலோ மூட்டிலோ பழைய பாதிப்பு ஏற்கெனவே இருந்தது. நுண்ணிய விரிசல் பல வாரமாக வளர்ந்து ஒருநாள் ஓட்டத்தில் முறிகிறது. இந்த விரிசலோடு போகும் குதிரையை டபீட்டாவும் காப்பாற்றாது.

அதனால் டிரெயினரிடம் முதலில் கேட்க வேண்டியது முன்னங்காலில் குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் ஃபெட்லாக் மூட்டுகளைப் பற்றி. கடைசியாக எப்போது எக்ஸ்ரே எடுத்தார்கள், மூட்டில் ஊசி போட்டார்களா, போட்டிருந்தால் எதற்காக? பங்குதாரர் இதைக் கேட்பது தப்பே இல்லை. நான்கு ஓட்டத்தில் ஒருமுறைதான் முன்னே வந்தாள் என்றால், டிராக் பிடிக்கவில்லையா, கால் வலிக்கிறதா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். கால் வலிக்கிறது என்றால் எந்த டிராக்கும் வேண்டாம்.

கால் சுத்தம் என்றால் பந்தயத்துக்கு முன் இரண்டு மூன்று வாரமாவது செயற்கைத் தளத்தில் கேலப் (நாலுகால் பாய்ச்சல் பயிற்சி) போகட்டும், அதில் ஒன்றிரண்டு வேகமான ஓட்டமும் இருக்கட்டும். பின்னங்கால் லாடத்தில் பிடிமானத்துக்கான புடைப்பு எதுவும் வேண்டாம், தரையே பிடிக்கும்போது லாடமும் பிடித்தால் சுமை மேலே ஏறும். முன்னால் போகும் குதிரைகள் வாரியிறைக்கும் மண் முகத்தில் அடித்தால் பின்வாங்குகிறவளா என்றும் கேளுங்கள். டபீட்டாவில் அந்தத் தொல்லை குறைவு, அப்படிப்பட்டவள் அங்கே நன்றாக ஓட வாய்ப்புண்டு. புல் டிராக்கில் ஜெயித்த வம்சம் என்றால் இன்னும் நல்லது. மண்ணில் எடுத்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள், இரண்டு ஓட்டம் முடியும்வரை எதையும் முடிவு செய்யவும் வேண்டாம்.

திரும்பி வரும் வழியும் அடைபடவில்லை. அனிமல் கிங்டம் என்ற குதிரை 2011-ல் இதே டர்ஃப்வேயில், அப்போதிருந்த பாலிட்ராக் என்ற செயற்கைத் தளத்தில், ஸ்பைரல் ஸ்டேக்ஸை ஜெயித்துவிட்டுப் போய், வாழ்க்கையில் முதல் முறையாக மண்ணில் இறங்கி கென்டக்கி டெர்பியையே ஜெயித்தது. அதற்காக உங்களுடையதையும் மார்ச் முடிந்த கையோடு மண்ணில் ஓட்டிவிட வேண்டாம், அங்கேயும் சில வாரப் பயிற்சி வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு மறுநாள் காலையில் முடிந்தால் லாயத்துக்கே போங்கள், உங்கள் ஊரிலிருந்து ஆற்றைத் தாண்டினால் போதும். கையில் பிடித்து நேராக நடத்தி, மெதுவாக ஓட்டிக் காட்டச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். இடுப்புத் தசையைத் தொட்டால் சுருக்குகிறாளா, பின்கால் அடி குட்டையாக விழுகிறதா? அப்படி இருந்தால் அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுப்பதை அன்றே தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.