கண்ணுக்கு ஸ்டெம் செல்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தகப்பனார்: அண்ணாச்சி, மகனுக்கு 19 வயது. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும் ஆர்.பி. நோய். அவன் எலும்பு மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்துக் கண்ணில் போட்டால் பார்வை வரும் என்று வெளியூரில் மூன்று லட்சம் கேட்கிறார்கள். அரைக்கோட்டை விதைப்பாடு வயல் இருக்கிறது. விற்கலாமா?

விற்காதீர்கள் தம்பி. ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறி வளரக்கூடிய மூலச் செல். ஆர்.பி.க்கு அது இன்னும் சிகிச்சை ஆகவில்லை, ஆராய்ச்சிதான் நடக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, இதை அனுமதி பெற்ற சோதனையாக மட்டுமே செய்யலாம். சேருபவரிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டார்கள் என்றாலே எழுந்து வந்துவிடுங்கள்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2015இல் வயது முதிர்ந்த பெண்கள் மூன்று பேர் ஆளுக்கு 5,000 டாலர் கட்டினார்கள். அவர்களுடைய கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் ஊசி போட்டார்கள். இருந்த பார்வையும் போய்விட்டது. முறையான சோதனை என்றால் முதலில் ஒரு கண்ணில்தான் செய்வார்கள். பையனுக்கு மரபணுப் பரிசோதனை செய்துவையுங்கள். எந்த மரபணுவில் குறை என்று தெரிந்தால், சரியான சோதனை வரும்போது சேர உதவும்.

மேலப்பாளையம் வாசகி: வெற்றிலைச் சுண்ணாம்பு பேரன் கண்ணில் தெறித்து, ஒரு கண் வெள்ளையாகிவிட்டது. அவனுக்கும் இதே பதில்தானா?

இல்லையம்மா, அவன் கதை வேறு. கருவிழியின் ஓரத்திலுள்ள ஸ்டெம் செல்கள் வெந்துபோயிருந்தால், நல்ல கண்ணிலிருந்து துளியூண்டு திசு எடுத்து வைக்கலாம். ஹைதராபாத் மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட எளிய முறை இது, பலன் தருகிறது. கருவிழி நிபுணரிடம் காட்டுங்கள். இனி யார் கண்ணில் சுண்ணாம்பு பட்டாலும் அந்த நிமிஷமே அரைமணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பாளையங்கோட்டை மாணவி: கருவை அழித்து ஸ்டெம் செல் எடுப்பது பாவமில்லையா, சார்?

அந்த உறுத்தல் நியாயமானது. செயற்கைக் கருத்தரிப்பில் மிஞ்சிய, ஐந்து நாள் வயதுடைய கருவைத் தம்பதியின் சம்மதத்தோடு எடுக்கிறார்கள். அதையும் ஏற்காதவர்கள் உண்டு. ஜப்பான் விஞ்ஞானி யமனாகா 2006இல் எலியின் சாதாரணச் செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்றிக் காட்டினார், மறுவருஷம் மனிதச் செல்லிலும். அந்த வழியில் 2014இல் அந்நாட்டுக் கண் மருத்துவர் மசாயோ தகாஹாஷியின் குழு ஒரு மூதாட்டிக்கு விழித்திரைச் செல் வைத்தது. பார்வை கூடவில்லை, குறையவும் இல்லை. இரண்டாம் நோயாளியின் செல்லில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததும், வைக்காமல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

சங்கரன்கோவில் வாசகர்: அப்பாவுக்கு 82. விழித்திரை கெட்டுப் பார்வை இல்லை. கண்தானம் செய்ய ஆசைப்படுகிறார். வாங்குவார்களா?

வாங்குவார்கள். அடுத்தவருக்கு வைப்பது கருவிழியைத்தான். காலம் வரும்போது ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்லுங்கள். அதுவரை இமையை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவையுங்கள்.