தூண்டில் பயணத்தைக் கைபேசியில் படமெடுத்தல்: கேள்வி பதில்

திருவொற்றியூர் வாசகர்: ஐயா, எண்ணூர் முகத்துவாரத்தில் விடியற்காலையில் எடுக்கும் வீடியோக்களில் நான் கறுப்பு உருவமாகவே தெரிகிறேன். கைபேசியை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். நம் கரை கிழக்கு பார்த்தது. உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த கைபேசி எழுகின்ற சூரியனை நேராகப் பார்த்து, அந்த வெளிச்சத்துக்கு ஏற்பப் படத்தை இருட்டாக்கிக்கொள்கிறது. முக்காலியை உங்களுக்கு வடக்கிலோ தெற்கிலோ நான்கைந்து அடி தள்ளி வையுங்கள்; வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது முகமும் தெரியும், இழுபடும் தூண்டில் நரம்பிலிருந்து தெறிக்கும் நீர்த்துளியும் தெரியும். நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் முதலில் பையை வைத்து, திரையில் அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவையும் குவியத்தையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் ஒவ்வோர் அலை நுரைக்கும் படம் மங்கித் தெளியும்.

வேளச்சேரி வாசகர்: என் கைபேசி ஐபி68 என்ற நீர்காப்புத் தரம் கொண்டது. கடலில் மூழ்கடித்துப் படமெடுக்கலாமா?

பதில்: கூடாது. அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது. கோவளத்தில் ஒருமுறை என் கைபேசியில் அலைச் சாரல் மட்டுமே பட்டது; துணியால் துடைத்துவிட்டு அன்றிரவே சார்ஜ் போட்டேன். சில நாட்களில் துளைக்குள் பச்சை பூத்து, சார்ஜ் ஏறுவதே நின்றுபோனது. உப்பு ஈரத்தோடு மின்சாரம் சேரக் கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

தாம்பரம் வாசகர்: 4கே என்ற உயர் தெளிவு வீடியோ அவசியமா?

பதில்: இல்லை. ஐபோனில் இடத்தை மிச்சப்படுத்தும் ‘ஹை எஃபிஷியன்சி’ வடிவத்தில்கூட, நொடிக்கு 30 சட்டகம் என்ற கணக்கில், 4கே நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி இடம் எடுக்கும். 1080 தரத்துக்குச் சுமார் 60 எம்பி போதும். மீன் கடிக்க ஒரு மணி நேரமும் ஆகலாம்.

அம்பத்தூர் வாசகர்: ஊரில் நண்பர்களோடு இரவில் முயல், உடும்பு வேட்டைக்குப் போவோம். டார்ச் வெளிச்சத்தில் நன்றாக எடுக்க வழி சொல்லுங்கள்.

பதில்: சொல்ல மாட்டேன், தம்பி. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். உடும்பு முதல் அட்டவணையில் இருக்கும் உயிர். அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. நீங்கள் எடுக்கும் வீடியோவே உங்களுக்கு எதிரான சாட்சியாகும்.

மாதவரம் வாசகர்: சொந்த வயலில், பாட்டன் காலத்து வழக்கமாகச் செய்வது எப்படிக் குற்றமாகும்? தூண்டில் போடுவதும் வேட்டைதானே?

பதில்: நேர்மையான கேள்வி. தூண்டிலும் வேட்டைதான், ஓர் உயிரை ஏமாற்றிப் பிடிக்கிறோம் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் சட்டம் நிலம் யாருடையது என்று பார்ப்பதில்லை, எந்த உயிர் என்று பார்க்கிறது. கொடுவா மீனும் பாறை மீனும் அந்தச் சட்டத்தின் அட்டவணைகளில் இல்லை. கடல்குதிரையும் திமிங்கலச் சுறாவும் இருக்கின்றன, அவற்றின்மேல் எனக்கும் உரிமை கிடையாது. பாட்டன் காலத்தில் இருந்த காடும் புதரும் இன்று இல்லாதபோது, அவர் பிடித்த கணக்கில் நாமும் பிடிக்க முடியாது. வழக்கத்தைக் காக்க விரும்பினால், ஊர்ப் பெரியவர்கள் தடம் பார்க்கும் முறையையும் காற்றின் திசை அறியும் முறையையும் அவர்கள் வாயாலேயே சொல்லச்சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதற்கு எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் எழுதுகிறேன்.

திருவான்மியூர் வாசகர்: கடலில் விழுந்த கைபேசியை அரிசியில் போடலாமா?

பதில்: அரிசி உப்பை எடுக்காது. வேளச்சேரி வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள். உடனே அணைத்து, நீர்காப்புள்ள கைபேசியானால் நன்னீரில் அலசி, நன்றாக உலரும்வரை சார்ஜ் போடாதீர்கள்.

கொளத்தூர் வாசகர்: ட்ரோன் பறக்கவிடலாமா?

பதில்: என் துறை அன்று. ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள்.

அடையாறு வாசகர்: பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கடலில் மூழ்கடிக்கலாமா?

பதில்: கூடாது. உறை சாரலுக்கு மட்டுமே. உப்புநீரைப் பற்றி இனிமேல் கேட்க வேண்டாம்.

நீலாங்கரை வாசகர்: முட்டுக்காட்டில் பிடிக்கும் கொடுவாவைத் திரும்ப விட்டுவிடுகிறேன். காட்டி எடுப்பது எப்படி?

பதில்: மீன் கரைக்கு வருமுன்பே கைபேசி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முள்ளை மீன் தண்ணீரில் இருக்கும்போதே கழற்றுங்கள். கைகளை நனைத்துக்கொண்டு, ஒரு கையால் வாலடியையும் மறு கையால் வயிற்றையும் தாங்கிக் கிடையாகத் தூக்குங்கள். காய்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். தூக்கும்போது நீங்களும் மூச்சை அடக்குங்கள். உங்களுக்கு முட்டத் தொடங்குமுன் அது தண்ணீருக்குள் போய்விட வேண்டும். தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்திருங்கள். செவுள் சீராக அசைந்து, வால் உங்கள் உள்ளங்கையை உதைத்துத் தள்ளும். அந்தக் கணத்தைக் கைபேசி நீர்மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்து எடுக்கட்டும்.