பழைய வீடியோ மிக்ஸரில் படம் நெளிகிறது, நிறம் வரவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கல்யாண வீடியோக்களைத் தொகுப்பதற்காக 1990களில் வாங்கிய அனலாக் வீடியோ மிக்ஸர் ஒன்று எங்கள் ஸ்டுடியோவில் பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்தது. பழைய விஎச்எஸ் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் வேலைக்காக அதை எடுத்து இயக்கினால், படத்தின் குறுக்கே இரண்டு மங்கலான பட்டைகள் மெதுவாக நகர்கின்றன. ‘ஏ’, ‘பி’ என்ற இரண்டு உள்ளீட்டு வரிசைகளில் ‘ஏ’ நன்றாக இருக்க, ‘பி’ வரிசையின் படம் மேலே வெளிறியும் கீழே இருண்டும், உச்சியில் வளைந்தும் தெரிகிறது. இயந்திரம் நன்றாகச் சூடான பிறகே நிறம் வருகிறது. ஒரு படத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் நகர்த்தியான ஃபேடரை நகர்த்தினால் படம் நடுவில் துள்ளுகிறது. உள்ளே இருக்கும் பிரீசெட்களை (திருகி அளவை மாற்றும் சிறு மின்தடைகளை) வைத்துச் சரிசெய்யலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். கெப்பாசிட்டர்கள் அனைத்தையும் மாற்றிவிட வேண்டும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: பிரீசெட்களை இப்போது தொடவே வேண்டாம். அவை தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைக் கொண்டு அமைக்கப்பட்டவை. பரணில் கிடந்த காலத்தில் அவை தாமாகத் திரும்பியிருக்க வாய்ப்பில்லை. இத்தனை ஆண்டுகளில் உறுதியாக மாறியிருப்பவை, உள்ளே திரவ மின்பகுபொருளைக் கொண்ட எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள்தான். காய்ந்துபோன ஒரு கெப்பாசிட்டரின் குறையை ஈடுகட்ட ஒரு பிரீசெட்டைத் திருகிவிட்டால், பின்னர் அந்தக் கெப்பாசிட்டரை மாற்றும்போது படம் வேறொரு வகையில் கெட்டு நிற்கும். அப்போது பழைய நிலை எதுவென்று சொல்ல யாராலும் முடியாது. இரண்டாமவர் சொல்வது உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவதை நான் ஏற்க மாட்டேன். எந்தப் படியில் எது சரியானது, எது புதிதாகக் கெட்டது என்று அறிய வழியில்லாமல் போய்விடும்.

மூடியைக் கழற்றுவதற்கு முன், குறை மிக்ஸருக்குள்தான் இருக்கிறது என்பதை உறுதிசெய்து கொள்ளுங்கள். பிளேயரை நேராக டிவியில் இணைத்துப் பாருங்கள். முடிந்தால் பழைய பிக்சர் டியூப் டிவியில் பாருங்கள், ஏனெனில் இன்றைய எல்இடி டிவிகளில் பல, நிலையற்ற அனலாக் சிக்னலைக் கண்டதும் திரையை நீலமாக்கிவிடுகின்றன. நம் பழைய அனலாக் டிவி முறையான பால் (PAL) முறையின் கம்போசிட் சிக்னல் (படமும் நிறமும் ஒரே கம்பியில் வருவது), 75 ஓம் சுமையில் உச்சிக்கு உச்சி 1 வோல்ட் இருக்க வேண்டும்: அதில் 0.7 வோல்ட் படத்துக்கும் 0.3 வோல்ட் படத்தை இடத்தில் நிறுத்தும் ஒத்திசைவுத் துடிப்புக்கும் உரியவை. மானிட்டரின் பின்புறம் உள்ள 75 ஓம் சுவிட்ச் அணைந்திருந்தால் இந்த அளவு ஏறத்தாழ இரு மடங்காகும். படம் வெளிறும், எழுத்துகளின் ஓரம் கசியும். இரண்டு இடங்களில் 75 ஓம் சேர்ந்துவிட்டால் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்து படம் மங்கும். இவற்றை மிக்ஸரின் கோளாறு என்று எண்ணிப் போர்டைப் பிரித்தவர்கள் பலர்.

அடுத்தது அந்த இரண்டு பட்டைகள். அவற்றின் எண்ணிக்கையே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. பால் முறையில் விநாடிக்கு 50 புலங்கள் (ஒரு புலம் என்பது அரைப் படம்). நம் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் முழு அலைத் திருத்தியிலிருந்து வரும் சிற்றலை (டிசியில் எஞ்சும் ஏற்ற இறக்கம்) 100 ஹெர்ட்ஸ் என்பதால் ஒவ்வொரு புலத்திலும் இருமுறை தெரியும். ஒரே ஒரு பட்டை இருந்தால், இரு கருவிகளின் எர்த் இணைப்புகளுக்கு இடையே மின்சாரம் சுற்றி ஓடலாம் (எர்த் சுற்று), அல்லது அந்தத் திருத்தியின் டயோடு பிரிட்ஜில் ஒரு டயோடு போயிருக்கலாம். மின்சார அதிர்வெண் துல்லியமாக 50இல் நிற்காததால்தான் பட்டைகள் மெதுவாக நகர்கின்றன. உங்கள் இயந்திரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வகை பவர் சப்ளை இருந்தால், பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் கொள்ளளவை இழந்திருப்பதே பெரும்பாலும் காரணம். 7812 போன்ற ரெகுலேட்டர் 12 வோல்ட்டை நிலையாகத் தர, அதன் உள்ளீடு எந்தக் கணத்திலும் சுமார் 14 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. கெப்பாசிட்டர் வலுவிழந்தால் ஒவ்வொரு சிற்றலையின் பள்ளத்திலும் அது இறங்கும், அந்தப் பள்ளம் அப்படியே படத்தில் விழும். மல்டிமீட்டரின் டிசி அளவு சராசரியைக் காட்டுவதால் இதை மறைத்துவிடும். மீட்டரை ஏசி அளவுக்கு மாற்றி, ஒரு முனையில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத் தொடராகச் சேர்த்து ரெகுலேட்டரின் வெளியீட்டை அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட் இருக்கலாம். நூற்றுக்கணக்கில் காட்டினால் அந்தக் கெப்பாசிட்டரை அதே கொள்ளளவு, அதே அல்லது கூடுதல் வோல்ட்டேஜ், 105 டிகிரி தாங்கும் வகை என்று பார்த்து மாற்றுங்கள்.

சுவிட்ச் மோடு சப்ளையாக இருந்தால் எச்சரிக்கை தேவை. அதன் முதன்மைப் பக்கக் கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் தங்கும். அந்தப் பகுதியை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுவதே நல்லது. எந்த வகையானாலும், நீண்ட காலம் கிடந்த இயந்திரத்துக்கு முதன்முதலில் மின்சாரம் தரும்போது சீரீஸ் லாம்ப் (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தத் தொடராக இணைத்த குண்டு பல்பு) வழியாகத் தருவது நம் பட்டறைகளின் நல்ல பழக்கம். நீங்கள் ஏற்கெனவே நேராக இயக்கிவிட்டீர்கள். இனி பழுதுபார்த்துவிட்டு இயக்கும் ஒவ்வொரு முறையும் அதைப் பயன்படுத்துங்கள்.

சப்ளை சீரானதும் ‘பி’ வரிசைக்கு வாருங்கள். ‘ஏ’ நன்றாக இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி, ஒரே மாதிரியான இரண்டு சுற்றுகளில் ஒன்று ஒப்பிடுவதற்குக் கிடைக்கிறது. மேலே வெளிறிக் கீழே இருள்வது, சிக்னலின் தாழ்ந்த அதிர்வெண்கள் எங்கோ வெட்டுப்படுவதைக் காட்டுகிறது. இணைப்புக் கெப்பாசிட்டர்களின் வேலையே அவற்றைக் கடத்துவதுதான். எடுத்துக்காட்டாக, 75 ஓம் மின்தடையும் 75 ஓம் சுமையும் சேர்ந்த 150 ஓமுக்கு முன்னால் 470 மைக்ரோஃபாரட் இருந்தால் வெட்டு அதிர்வெண் சுமார் 2.3 ஹெர்ட்ஸ். அது காய்ந்து 10 மைக்ரோஃபாரட் ஆகிவிட்டால் 100 ஹெர்ட்ஸையும் தாண்டிவிடும். 50 ஹெர்ட்ஸில் ஓடும் புலத்தின் வெளிச்சம் மேலிருந்து கீழாகச் சரியாமல் என்ன செய்யும்? ஒத்திசைவுத் துடிப்புகளும் அதே சரிவில் சிக்குவதால்தான் படத்தின் உச்சி வளைகிறது. சிக்னலின் அலை வடிவத்தைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப் இருந்தால் ‘ஏ’, ‘பி’ இரண்டிலும் அதே இடங்களைத் தொட்டுப் பார்த்து, சரிவு எந்தக் கெப்பாசிட்டரைக் கடந்தபின் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கலாம். இல்லையென்றால், நல்ல கெப்பாசிட்டர் ஒன்றைச் சந்தேகத்துக்குரியதன் மேல் அதே துருவத்தில் இணையாக வைத்துப் பாருங்கள். படம் நேராகிவிட்டால் இடம் தெரிந்துவிட்டது.

இங்கே பொறுமை வேண்டும். 1980களின் இறுதியிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை வந்த கருவிகளில், போர்டின் மேற்பரப்பில் ஒட்டிய சிறிய அலுமினிய உருளைக் கெப்பாசிட்டர்கள் அடியில் கசிவதற்குப் பெயர் பெற்றவை. கசிந்த இடத்தில் ஈயம் பளபளப்பை இழந்து கறுத்திருக்கும், சால்டரிங் அயர்ன் பட்டதும் மீன் நாற்றம் வரும். அந்தத் திரவம் செப்புத் தடங்களை அரிப்பதோடு மின்சாரத்தையும் கடத்துவதால், கசிந்தவற்றை மீட்டர் நல்லது என்று காட்டினாலும் மாற்றியே ஆக வேண்டும். பிடுங்காதீர்கள், அரிக்கப்பட்ட செப்பு அதோடு சேர்ந்து வந்துவிடும். புதிய ஈயத்தைத் தாராளமாக வைத்து, இரண்டு அயர்ன்களால் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் உருக்கி, தானாக நழுவும் வரை காத்திருந்து எடுங்கள். பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் மென்மையான பிரஷ்ஷைக் கொண்டு கழுவி, முழுதாக உலர்ந்த பின்பே புதியதை வையுங்கள். அருகில் உள்ள தடங்களில் தொடர்ச்சி இருக்கிறதா என்று சோதித்து, அறுந்தவற்றை மெல்லிய கம்பியால் இணையுங்கள்.

சூடான பிறகு நிறம் வருவதும் இதே கதையாக இருக்கலாம். வெப்பம் ஏறும்போது முதிர்ந்த கெப்பாசிட்டரின் உள்மின்தடை குறைகிறது. நிறத்துக்கு அடையாளமாகச் சிக்னலோடு வரும் சிறு அலையான நிறப் பர்ஸ்ட்டின் அளவு உயர்கிறது. பர்ஸ்ட் வலுவற்றிருந்தால் நிறத்தை அணைக்கும் டிவியின் நிறத்தடுப்புச் சுற்று வழிவிடுகிறது. மாறாக, சூடான பிறகு போகும் நிறமென்றால் நான் ஐசியையும் விரிசல் விட்ட சால்டர் இணைப்பையும்தான் முதலில் சந்தேகிப்பேன். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது ஹேர் டிரையரால் போர்டின் ஒவ்வொரு பகுதியாகச் சிறிது சூடேற்றினால் குற்றவாளி எந்த மூலையில் என்பது தெரியும். அதை மாற்றிய பிறகும் நிறம் நிலைக்கவில்லை என்றால் மட்டுமே நிற அலையின் அதிர்வெண்ணைத் தரும் 4.43361875 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலின் டிரிம்மரை (அந்த அதிர்வெண்ணைச் சிறிது மாற்றும் திருகை) நெருங்குங்கள்: பழைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு, ஃபிரீக்வென்சி கவுண்டரைப் பார்த்தபடி, உலோகமில்லாத திருப்புளியால் திருப்புங்கள். கவுண்டர் இல்லாமல் கண்ணை நம்பிச் செய்யும் வேலை அன்று இது.

ஃபேடரின் துள்ளல் எளிது. பல மிக்ஸர்களில் வீடியோ சிக்னல் ஃபேடர் வழியே செல்வதில்லை, கட்டுப்படுத்தும் டிசி வோல்ட்டேஜ்தான் செல்கிறது. எச்சம் விடாத கான்டாக்ட் கிளீனரைச் சில துளிகள் விட்டு முழுத் தூரத்துக்கும் பலமுறை நகர்த்துங்கள். கார்பன் பாதையே தேய்ந்திருந்தால் அதே மதிப்பும் அதே நீளமும் கொண்ட ஸ்லைடு பொட் (நகர்த்தி வகை மாறுமின்தடை) தேட வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் கோளாறாகக் கருதாதீர்கள். பானாசோனிக் டபிள்யூஜே-எம்எக்ஸ்50 போன்றவற்றில் உள்ளே, இரண்டு படங்களின் நேரத்தையும் ஒன்றாகப் பொருத்தும் டிஜிட்டல் பிரேம் சிங்க்ரொனைசர் உண்டு; அது இல்லாத பழைய மிக்ஸரில் இரண்டு விஎச்எஸ் பிளேயர்களை இணைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் படம் உருளத்தான் செய்யும். சிங்க்ரொனைசர் உள்ளதில், மேற்சொன்ன எல்லாம் சரியான பிறகும் படம் சதுரம் சதுரமாகச் சிதறினால் நினைவக ஐசியோ, அந்த நிறுவனம் தனக்கென்றே செய்த ஐசியோ பழுதாகியிருக்கலாம். அத்தகைய ஐசி தனியாகக் கடையில் கிடைப்பது அரிது என்பதால், அந்த நிலையில் மேலும் செலவழிப்பதைவிட, அதே மாடலில் வேறு காரணத்தால் செயலிழந்த இயந்திரம் ஒன்றைப் பழைய ஸ்டுடியோக்களில் விசாரித்து வாங்கி, அதன் போர்டை மாற்றிக்கொள்வதையே பரிந்துரைக்கிறேன். மாற்றுவதற்கு முன் அந்தப் போர்டின் கெப்பாசிட்டர்களும் கசிந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.