அலமாரிக்குள் ஒரு கைத்துப்பாக்கி

அன்புள்ள ஐயா,

டெக்சாஸின் உவால்டி ஊர்ப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டதை ஒட்டி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். துப்பாக்கி வைத்திருக்கும் சாதாரண அமெரிக்கனின் தரப்பு அதில் இல்லை என்று தோன்றியது.

நான் டெக்சாஸில் பல வருடங்களாக இருக்கிறேன். சென்ற ஆண்டு கிரீன் கார்டு வந்தது. சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஆள் இருக்கும்போதே திருடன் புகுந்துவிட்டான். போலீஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அலுவலக நண்பர் ஒருவர் என்னைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துப் போகிறார். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருக்கிறது. ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று இருக்கிறேன். மனைவி ஒரேயடியாக மறுக்கிறாள். மகனுக்கு 15 வயது.

நண்பர் சொல்வது இதுதான்: துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை. சட்டம் போட்டால் நல்லவன்தான் கட்டுப்படுவான், குற்றவாளி கட்டுப்பட மாட்டான். சிகாகோவில் இல்லாத கட்டுப்பாடா, அங்கே கொலை நின்றுவிட்டதா? சுவிட்சர்லாந்தில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிறது, அங்கே யாரும் பள்ளிக்குள் புகுந்து சுடுவதில்லையே?

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் சொல்ல வேண்டுமா என்றும் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்., டெக்சாஸ்

*

அன்புள்ள எம்.,

ஒரு நாடு தன் குடிமக்களைத் துப்பாக்கி வைத்திருக்க விடலாமா என்பது ஒரு கேள்வி. உங்கள் வீட்டு அலமாரியில் ஒன்று இருக்கலாமா என்பது வேறு கேள்வி. உங்கள் நண்பர் முதல் கேள்விக்கான வாதங்களைக் கொண்டு இரண்டாவதை முடித்துவைக்கப் பார்க்கிறார். அமெரிக்காவில் இந்த விவாதம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது, இரண்டு தரப்பிலும்.

முதலில் உரிமை. உங்கள் நண்பர் சொல்வது சரி. 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம் ஒரே ஒரு வாக்கியம். அதன் முன்பாதி ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படையை, அதாவது குடிமக்களால் ஆன படையைப் பற்றிப் பேசுகிறது, பின்பாதி ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமையைப் பற்றி. எந்தப் பாதிக்கு எடை அதிகம் என்பதில் நீண்டகாலம் சண்டை இருந்தது. 1939இல் குழல் வெட்டிய ஷாட்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்பாதியைப் பிடித்துக்கொண்டது. 2008இல் ஹெல்லர் வழக்கில் 5க்கு 4 என்ற கணக்கில் பின்பாதி ஜெயித்தது. வாஷிங்டன் நகரம் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்திருந்தது. ரைஃபிளைக்கூட வீட்டில் கழற்றியோ பூட்டியோதான் வைக்க வேண்டும் என்றிருந்தது. இரண்டும் செல்லாது, வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றது தீர்ப்பு. 2022இல் வந்த புரூன் தீர்ப்பு, எந்தக் கட்டுப்பாட்டுக்கும் நாட்டின் வரலாற்று மரபில் முன்மாதிரி காட்டு என்று அரசுகளைக் கேட்கும் அளவுக்குப் போனது.

ஆகவே 'ஆஸ்திரேலியாவைப் பார்' என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டதும், இரண்டு வாரத்துக்குள் பிரதமர் ஜான் ஹோவர்ட் எல்லா மாநிலங்களையும் சம்மதிக்க வைத்தார். சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை அரசே காசு கொடுத்து வாங்கி அழித்தது. ஹோவர்ட் பழமைவாதக் கட்சிக்காரர். துப்பாக்கிக்காரர்களின் கூட்டம் ஒன்றில் கோட்டுக்குள் குண்டு துளைக்காத கவசம் அணிந்து பேசினார். துணிச்சல்தான். ஆனால் அவரைத் தடுக்க அங்கே ஓர் அரசியல் சட்ட உரிமை இல்லை. அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் இருப்பவை 39 கோடிக்கு மேல் என்று 2018இல் 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' என்ற ஆய்வு அமைப்பு கணக்கிட்டது. ஆளுக்கு ஒன்றுக்கும் அதிகம். அவற்றைத் திரும்ப வாங்குவது என்பது பேச்சுக்குத்தான் நன்றாக இருக்கும்.

அதே சமயம் ஹெல்லர் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, இந்த உரிமைக்கு எல்லை உண்டு என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார். தண்டனை பெற்ற குற்றவாளிகள், பள்ளிகள், அரசுக் கட்டடங்கள், விற்பனைக்கான நிபந்தனைகள் பற்றிய பழைய சட்டங்களை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. 2024இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை உத்தரவு பெற்றவனிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதை 8க்கு 1 என்று அதே நீதிமன்றம் ஏற்றது. உரிமை என்ற சொல்லோடு பேச்சு முடிந்துவிடுவதில்லை.

அடுத்து, குற்றவாளி சட்டத்துக்குக் கட்டுப்பட மாட்டான் என்பது. சரி, கட்டுப்பட மாட்டான். ஆனால் அவன் கையில் இருக்கும் துப்பாக்கியை அவன் செய்யவில்லை. ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு தொழிற்சாலையில் செய்யப்பட்டு, ஏதோ ஒரு கடையில் சட்டப்படி முதல்முறை விற்கப்பட்டவை. அப்புறம்தான் திருட்டு, அடுத்தவன் பேரில் வாங்கிக் கொடுப்பது, வாங்குபவரின் பின்னணிச் சோதனையே இல்லாத தனிநபர் விற்பனை என்று அது இறங்கிப் போகிறது. சிகாகோவில் குற்றங்களில் பிடிபடும் துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் இல்லினாய் மாநிலத்துக்கு வெளியே விற்கப்பட்டவை, அதிலும் பக்கத்து மாநிலமான இந்தியானா முதலிடம் என்று அந்த நகர நிர்வாகத்தின் அறிக்கைகளே சொல்கின்றன. நகரத்தின் சட்டம் நகர எல்லையோடு நின்றுவிடுகிறது.

கடையில் நடக்கும் சோதனையும் ஓட்டையோடுதான் இருக்கிறது. நீங்கள் படிவத்தை நிரப்புவீர்கள், கடைக்காரர் எஃப்.பி.ஐ.யைக் கேட்பார், பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வரும். 3 வேலைநாட்களில் பதில் வராவிட்டால், கடைக்காரர் விரும்பினால் விற்றுவிடலாம். 2015இல் சார்லஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவன் இப்படித்தான் வாங்கினான். சோதனை முடிந்திருந்தால் அவனுக்கு விற்றிருக்க முடியாது.

இதில் என்னை வியக்க வைக்கும் இடம் ஒன்று உண்டு. மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் துப்பாக்கி, வெடிபொருள் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் ஏ.டி.எஃப். துறையின் தடமறியும் மையம் இருக்கிறது. கொலை நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைக்கிறது. அதன் எண்ணைத் தட்டினால் திரையில் வாங்கியவர் பெயர் வந்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். வராது. உற்பத்தியாளரைக் கேட்பார்கள், அவர் மொத்த வியாபாரியைச் சொல்வார், அவர் கடையைச் சொல்வார், கடைக்காரர் தன் பேரேட்டைப் புரட்டுவார். கடை மூடப்பட்டிருந்தால் அதன் காகிதங்கள் பெட்டி பெட்டியாக மார்ட்டின்ஸ்பர்க்குக்கு வந்திருக்கும். ஊழியர்கள் பெட்டியைத் திறந்து, படம் எடுத்த பக்கங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் தேடுகிறார்கள். பெட்டிகள் கட்டடத்தில் இடமில்லாமல் வெளியே கண்டெய்னர்களில் கிடந்ததும் உண்டு. காரணம் பணமோ தொழில்நுட்பமோ அல்ல. துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பதிவேடு இருக்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெயர் போட்டுத் தேட முடிகிற வசதி அத்தகைய பதிவேடாகிவிடும். பதிவேடு இருந்தால் நாளை அரசு வீடு வீடாக வந்து பறிக்கும் என்ற பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அதற்கான விலையைத் துப்பறியும் போலீஸ்காரர் கொடுக்கிறார்.

கட்டுப்பாடு கேட்பவர்களின் அபத்தங்களையும் சொல்லியாக வேண்டும். 1994இல் வந்து 2004இல் காலாவதியான, பெரும்பாலும் ராணுவ பாணி ரைஃபிள்களைக் குறிவைத்த 'தாக்குதல் ஆயுத'த் தடை, துப்பாக்கியின் கைப்பிடியையும் முனையில் கத்தி மாட்டும் கொக்கியையும் பார்த்து எது ஆபத்தானது என்று முடிவு செய்தது. கம்பெனிகள் தோற்றத்தை மாற்றி அதே துப்பாக்கியை விற்றன. துப்பாக்கிக்காரர்கள் சிரித்தார்கள், நியாயம்தான். கொலைகளில் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நடக்கின்றன, ரைஃபிளால் அல்ல. இன்னொன்று: 1967இல் கலிஃபோர்னியாவில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு பொதுவிடத்தில் நடமாடுவதைத் தடுத்த சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சிக்காரர்கள் துப்பாக்கியோடு தெருவில் நின்றபோது, பழமைவாதிகளுக்கும் கட்டுப்பாடு பிடித்திருந்தது. யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பலருக்கும் கொள்கை வருகிறது.

இனி உங்கள் அலமாரி.

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். கொலையுண்டவர்கள் 20,958. தற்கொலை செய்துகொண்டவர்கள் 26,328. பாதிக்கு மேல். எல்லா ஆண்டும் ஏறத்தாழ இந்த விகிதம்தான். பள்ளிப் படுகொலைகளும் திருடர்களும் கொடுங்கோல் அரசும் பேச்சை நிரப்பிக்கொண்டிருக்க, சாவில் பெரும்பகுதி வீட்டுக்குள், உரிமையாளரிடமோ அவர் குடும்பத்திடமோ நடக்கிறது. உங்கள் நண்பரின் வாதங்கள் எல்லாமே வெளியிலிருந்து வருகிறவனைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள்.

2009இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரு வாரத்துக்குள் 3 பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கினார்கள். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள். மூவரும் வாங்கிய சில மணி நேரத்தில் தங்களையே மாய்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் துப்பாக்கி உரிமையில் உறுதியானவர். அவருக்கு அது தாங்கவில்லை. பொதுச் சுகாதாரக்காரர்களும் துப்பாக்கிக் கடைக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து, கடைகளில் வைப்பதற்கு ஒரு குறிப்பு தயாரித்தார்கள். எந்த மாடல் என்பதில் அக்கறையே இல்லாதவர், பராமரிப்பு பற்றி எதுவும் கேட்காதவர், அவசரப்படுகிறவர், மணமுறிவு வேலையிழப்பு என்று பேச்சில் விழவிடுகிறவர்: இவர்களுக்கு இன்று விற்காதே. பின்னர் அது பல மாநிலங்களுக்குப் பரவியது. இந்த விவகாரத்தில் எனக்குத் தெரிந்து இரண்டு தரப்பும் கத்தாமல் செய்த வேலை இது ஒன்றுதான்.

'சாக நினைப்பவன் வேறு வழி தேடிக்கொள்வான்' என்பீர்கள். எல்லோரும் தேடுவதில்லை. அந்த வேகம் பல நேரங்களில் சீக்கிரம் தணிந்துவிடுகிறது. தப்பிப் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கிதான் தப்ப விடுவதில்லை. இஸ்ரேல் ராணுவம் 2006இல் இளம் சிப்பாய்கள் வார இறுதியில் வீட்டுக்குப் போகும்போது துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்றது. அவர்களிடையே தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது. குறைந்தது முக்கியமாக வார இறுதிகளில்தான்.

உங்கள் நண்பரின் சுவிட்சர்லாந்தும் இதையே சொல்கிறது. அங்கே வீட்டில் இருப்பது பெரும்பாலும் ராணுவப் பயிற்சி பெற்றவரின் துப்பாக்கி. 2007க்குப் பிறகு அதற்கான தோட்டாக்களை வீட்டில் வைக்கக் கொடுப்பதையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டார்கள். கடையில் கைத்துப்பாக்கி வாங்க முன் அனுமதி வேண்டும். டெக்சாஸில் வேண்டாம். 2003-04இல் அந்த ராணுவத்தை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தபோது, ராணுவ வயது ஆண்களிடையே தற்கொலை குறைந்தது. துப்பாக்கி எட்டாமல் போனவர்களில் சிலர்தான் வேறு வழிக்குப் போனார்கள்.

கலிஃபோர்னியாவில் 2.6 கோடிப் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2020இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு, வைத்திராதவர்களைவிடச் சுமார் 8 மடங்கு. பெண்களுக்கு 35 மடங்கு. வாங்கியவுடன் இந்த ஆபத்து மிக அதிகம். ஆனால் ஆண்டுகள் கழிந்தும் மறையவில்லை.

மகனுக்கு 15 வயது என்று கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் தலைப்பு வரியாகப் பட்டது. துப்பாக்கியால் தங்களை மாய்த்துக்கொள்ளும் பதின்வயதினர் பெரும்பாலும் எடுப்பது பெற்றோரின் துப்பாக்கியை. 2021 நவம்பரில் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்ட் பள்ளியில் 4 மாணவர்களைச் சுட்டுக் கொன்றவனுக்கும் 15 வயதுதான். அதற்கு நான்கு நாள் முன்புதான் அப்பா அந்தத் துப்பாக்கியை வாங்கியிருந்தார். 2024இல் பெற்றோர் இருவருமே தண்டிக்கப்பட்டார்கள். உங்கள் பையனை அவனோடு ஒப்பிடவில்லை. 15 வயதில் ஒரு பையனுக்கு எந்த இரவு எப்படிப் போகும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சாஸ் சட்டப்படியும் குற்றம்.

தற்காப்பு நடப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு எத்தனை முறை என்று கேட்டால் ஒரு லட்சத்துக்கும் கீழே என்பார் ஒருவர், 25 லட்சம் என்பார் இன்னொருவர். அப்படிப்பட்ட எண்ணை வைத்து வாதாடாமல் இருப்பது நல்லது. உங்கள் வீட்டுக்கே வருவோம். திருடன் வந்தால் உடனே எடுக்க வேண்டும் என்றால் அது நிரப்பியபடி, பூட்டாமல், கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மகனுக்கு எட்டக் கூடாது என்றால் காலியாக, பூட்டி, தோட்டா வேறிடத்தில் இருக்க வேண்டும். ஹெல்லர் வழக்கில் நீதிபதிகள் பூட்டைப் பற்றிச் சண்டையிட்டது சும்மா அல்ல. வேகமாகத் திறக்கும் பெட்டகங்கள் கொஞ்சம் உதவும். முழுதாகத் தீர்க்காது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்க மாட்டேன். சுடும் பயிற்சிக்குப் போவேன், பெரும்பாலான இடங்களில் துப்பாக்கியை அங்கேயே வாடகைக்குத் தருகிறார்கள். வீட்டுக்கு நல்ல கதவும் அலாரமும் போடுவேன். வாங்குவது உங்கள் உரிமை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மனைவி ஏன் மறுக்கிறார் என்று நண்பரின் வாதங்களை ஓரமாக வைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். அவர் பயப்படுவது திருடனைப் பற்றியாக இருக்காது என்று நினைக்கிறேன்.

வாங்கியே தீருவது என்றால் பெட்டகத்தையும் அதே நாளில், அதே பில்லில் வாங்குங்கள். வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கும் காலம் வந்தால், அதைத் தற்காலிகமாக வெளியே யாரிடம் கொடுத்துவைப்பது என்று இப்போதே நண்பரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டகத்தின் எண் மகனின் பிறந்தநாளாக இருக்க வேண்டாம், அவன் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான்.